கல்லில் வரைந்த கேலி: தோமியேயும் 19-ஆம் நூற்றாண்டு பிரான்சின் லித்தோ ஓவியர்களும்

1830 ஜூலை மாதக் கடைசியில் பாரிஸ் மக்கள் மூன்று நாள் தெருவில் நின்று போராடி, பத்தாம் சார்லஸ் அரசரை நாட்டை விட்டே ஓடவைத்தார்கள். அவருக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தவர் லூயி பிலிப். கையில் குடையோடு சாதாரணக் கோட்டு போட்டு நடக்கும் குடிமக்களின் அரசர் என்று பெயர் வாங்கியவர். அவர் ஏற்றுக்கொண்ட அரசியல் சாசனத்தின் 7-ஆவது பிரிவு, பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கருத்தை அச்சிட்டு வெளியிடலாம், தணிக்கை இனி ஒருபோதும் திரும்பக் கூடாது என்று சொன்னது. ஐந்தே வருஷத்தில், 1835 செப்டம்பரில், தணிக்கை திரும்பி வந்துவிட்டது. எழுத்தை அது தொடவில்லை. படத்துக்கும் நாடக மேடைக்கும் மட்டும்தான் வந்தது.

அன்றைய நீதி அமைச்சர் பெர்சீல் அதற்குச் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. சாசனம் காப்பாற்றுவது கருத்தை. எழுத்து என்பது கருத்து. படமோ நேராகக் கண்ணோடு பேசுகிறது, அது கருத்தைத் தாண்டிச் செயலாகிவிடுகிறது, ஆகவே அதற்குச் சாசனத்தின் பாதுகாப்பு கிடையாது என்பது அவர் வாதம். அதாவது, தலையங்கத்தில் அரசரைத் திட்டினால் அச்சான பிறகு வழக்கு வரலாம். ஆனால் படம் வரைந்தால் அச்சுக்குப் போகும் முன்பே அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும்.

எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை ஏன் பிடித்தார்கள்? பிடித்த பிறகு படம் போட்டவர்கள் என்ன செய்தார்கள்? 19-ஆம் நூற்றாண்டு பிரான்சின் கேலிச்சித்திரங்களைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு கேள்விகள் போதும். அரசரின் முகத்தை வரைந்துகொண்டிருந்தவர்கள், அது தடையானதும், அந்த அரசரைத் தாங்கி நின்ற சமூகத்தையே வரையத் தொடங்கினார்கள். சமூக விமர்சனமாகக் கேலிச்சித்திரம் வளர்ந்து நின்றது அங்கேதான். இதனால் தணிக்கை ஏதோ கலைக்கு நல்லது செய்துவிட்டது என்று சிலர் எழுதுவதுண்டு. அதை நான் ஏற்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கல் செய்த வேலை

முதலில் லித்தோவைப் பற்றி. கல்லச்சு என்று தமிழில் சொல்கிறோமே, அதுதான். 1790-களின் கடைசியில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தார். அங்கே சோல்ன்ஹோஃபன் பகுதியில் மிக நுணுக்கமான, வழவழப்பான சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. அதைத் தேய்த்துச் சமப்படுத்தி, கொழுப்பும் மெழுகும் கலந்த குச்சியால் மேலே வரைய வேண்டும். பிறகு கருவேலம் பிசினும் கொஞ்சம் அமிலமும் கலந்து பூசிப் படத்தை நிலைப்படுத்துவார்கள். கல்லைத் தண்ணீரால் நனைத்தால் கோடு இல்லாத இடம் நீரைப் பிடித்துக்கொள்ளும், கொழுப்புக் கோடு நீரைத் தள்ளிவிடும். அதன் மேல் எண்ணெய் மையை உருளையால் உருட்டினால் மை கோட்டில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதைத் தவிர இதில் வேறு சூத்திரம் எதுவும் இல்லை.

அதற்கு முன் செம்புத் தகட்டில் உளியால் செதுக்க வேண்டும். அதற்குத் தனி வேலைக்காரர் வேண்டும், நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஆகும். கல்லில் அப்படி இல்லை. தாளில் கரிக்குச்சியால் வரைவதுபோல ஓவியரே வரையலாம், நடுவில் இன்னொருவர் கை இல்லை. இன்று காலை நாடாளுமன்றத்தில் நடந்ததை இன்று மாலை வரைந்து அச்சுக்கு அனுப்பலாம். ஓவியரின் கை அழுத்தம், குச்சியின் சொரசொரப்பு, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள அத்தனை சாம்பல் நிறமும் அப்படியே தாளில் விழும். வேகமாக வரைகிற, முகபாவத்தில் கெட்டிக்காரரான ஓர் ஓவியருக்கு இதைவிட நல்ல கருவி அன்றைக்கு இல்லை.

ஒரு சிக்கலும் உண்டு. எழுத்து அச்சுக்கு வேறு எந்திரம், கல்லுக்கு வேறு எந்திரம். ஆகவே படமும் செய்தியும் உள்ள பத்திரிகைத் தாள் இரண்டு முறை அச்சேற வேண்டும். அப்படியிருந்தும் தினமும் ஒரு புதுப் படத்தோடு ஒரு நாளிதழ் நடத்தத் துணிந்தார் ஒருவர்.

பிலிப்போனும் பேரிக்காயும்

அவர் ஷார்ல் பிலிப்போன். லியோன் நகரத்துக்காரர், அவரும் ஓவியர்தான். ஆனால் அவருடைய பெரிய திறமை மற்றவர்களை வரையவைத்ததில் இருந்தது. 1829-இல் மைத்துனர் ஒபேரோடு சேர்ந்து பாரிசின் வேரோ-தோதா கடைவளாகத்தில் ஓர் அச்சுப்படக் கடை திறந்தார். 1830 நவம்பரில் 'லா கரிகாத்யூர்' என்ற வாரஇதழ், 1832 டிசம்பர் 1-ஆம் தேதி 'ல ஷரிவரி' என்ற நாளிதழ். பின்னாளில், 1841-இல், லண்டனில் தொடங்கிய 'பஞ்ச்' இதழ் தன்னை 'லண்டன் ஷரிவரி' என்றே தலைப்பில் போட்டுக்கொண்டது. லக்னோவின் 'அவத் பஞ்ச்' போன்ற இந்திய இதழ்கள் அந்த லண்டன் இதழின் வழியில் வந்தவை. அந்த வம்சாவளியின் மேல் நுனியில் இருப்பது பிலிப்போனின் கடைதான்.

1831-இல் அவர் மேல் ஒரு வழக்கு. ஜூலைப் புரட்சியின் வாசகங்களை அரசர் ஒரு கொத்தனாராக நின்று சுவரில் பூசி மறைப்பதாக ஒரு படம் வெளியாகியிருந்தது. நவம்பர் 14 அன்று நீதிமன்றத்தில் பிலிப்போன் ஒரு வாதம் வைத்தார். படத்தில் அரசரின் பெயர் இல்லை, சின்னம் இல்லை, முகச்சாயல் மட்டும்தான் இருக்கிறது. சாயலே குற்றம் என்றால் எங்கே போய் நிற்பீர்கள் என்று கேட்டு, அங்கேயே நான்கு படம் வரைந்து காட்டினார். முதல் படம் லூயி பிலிப்பின் முகம். இரண்டாவது அதைப்போலவே இருக்கிறது, கொஞ்சம் கன்னம் தொங்குகிறது. மூன்றாவது இரண்டாவதைப்போல இருக்கிறது. நான்காவது ஒரு பேரிக்காய். முதலாவதுக்குத் தண்டனை என்றால் இதற்கும் தண்டனை கொடுக்க வேண்டும், நாட்டில் பேரிக்காய் வரைகிற எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்றார்.

தண்டனை கிடைத்தது: ஆறு மாதச் சிறை, 2,000 பிராங்க் அபராதம். ஆனால் பேரிக்காய் நீதிமன்றத்தை விட்டு வெளியே போய்விட்டது. பாரிஸ் சுவர்களில் பையன்கள் சுண்ணக்கட்டியால் பேரிக்காய் கிறுக்கினார்கள். 1834 பிப்ரவரியில் 'ல ஷரிவரி'க்கு எதிரான ஒரு தீர்ப்பைக் கட்டாயமாக வெளியிட வேண்டியிருந்தபோது, தீர்ப்பின் வாசகத்தையே பேரிக்காய் வடிவத்தில் எழுத்துக் கோத்து முதல் பக்கத்தில் போட்டார்கள்.

இங்கேதான் அமைச்சரின் பயம் புரியவரும். இந்த இதழ்களின் ஆண்டுச் சந்தா 50 பிராங்குக்கு மேல். தொழிலாளியின் ஒரு நாள் கூலி இரண்டு மூன்று பிராங்க் இருந்த காலம். சந்தாதாரர்கள் சில ஆயிரத்தைத் தாண்டவில்லை. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அரசாங்கம் பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் ஒபேர் கடை ஜன்னலில் புதுப் படத்தை மாட்டுவார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்ப்பார்கள். ட்ராவியெஸ் வரைந்து 1831 டிசம்பரில் வெளியான ஒரு படம் அந்தக் காட்சியையே காட்டுகிறது: கண்ணாடிக்கு முன் கூட்டம், அரசாங்கத்தின் தலை வேடிக்கையாகத்தான் இருக்கிறது என்று ஒருவர் பேசுகிறார். நாட்டில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படத்துக்கு அது தடையில்லை. பத்திரிகையைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து படிக்கிறோம். ஜன்னலில் தொங்கும் படத்தை முன்பின் தெரியாத இருபது பேரோடு சேர்ந்து பார்க்கிறோம், சேர்ந்து சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தார்கள்.

தோமியே வருகிறார்

பிலிப்போனுக்காக வரைந்தவர்கள் பலர். விலங்குத் தலை மனிதர்களை வரைந்த க்ரான்வீல், மேலே சொன்ன ட்ராவியெஸ், பிறகு பாரிசின் நாகரிகப் பெண்களையும் முகமூடி நடனங்களையும் வரைந்த கவர்னி. ஆனால் எல்லாரையும்விட ஒருவர் உயர்ந்து நிற்கிறார். ஒனொரே தோமியே. 1808-இல் மார்செய் நகரத்தில் பிறந்தவர். அப்பா கண்ணாடி பொருத்துகிற தொழிலாளி, கவிஞராக வேண்டும் என்ற கனவோடு குடும்பத்தைப் பாரிசுக்குக் கூட்டி வந்தவர். பையன் சிறுவயதிலேயே ஒரு நீதிமன்ற அமீனாவிடம் எடுபிடி வேலைக்குப் போனான், அப்புறம் ஒரு புத்தகக் கடையில். நீதிமன்றத் தாழ்வாரங்களை அந்த வயதிலேயே பார்த்துவிட்டான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1831 டிசம்பரில் அவர் வரைந்த 'கார்கான்துவா' (ரபெலே எழுதிய பழைய பிரெஞ்சுக் கதையில் வரும் பெருந்தீனிப் பூதத்தின் பெயர்) இப்படி: பாரிசின் திறந்த சதுக்கம் ஒன்றில் பேரிக்காய்த் தலையோடு ஒரு பூதம் உட்கார்ந்திருக்கிறது. வாயிலிருந்து தரைவரை ஒரு பலகை. கந்தல் உடுத்திய ஏழைகள் கடைசிக் காசைக் கூடையில் போடுகிறார்கள், குட்டி அமைச்சர்கள் அந்தக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு பலகை மேல் ஏறி வாயில் கொட்டுகிறார்கள். உட்கார்ந்திருக்கும் ஆசனம் ஒரு கழிப்பு நாற்காலி. கீழே விழுவது பதக்கங்களும் பதவி உத்தரவுகளும். அரசரின் ஆண்டுச் செலவுக்கு எத்தனை கோடி ஒதுக்குவது என்ற விவாதம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. சில மாதத்தில் 1 கோடியே 20 லட்சம் பிராங்க் என்று முடிவானது. வாக்குரிமைக்கு ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்ட வேண்டும் என்பது 1831-ஆம் ஆண்டுச் சட்டம். மூன்று கோடிக்கு மேல் மக்கள் இருந்த நாட்டில் இரண்டு லட்சம் பேருக்குக்கூட வாக்கு இல்லை. படத்தில் காசு போடுகிறவர்களுக்கும் பதக்கம் பொறுக்குகிறவர்களுக்கும் உள்ள தூரம் இதுதான்.

தோமியேக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை, 500 பிராங்க் அபராதம். முதலில் உள்ளே போடாமல் விட்டார்கள். அவர் வரைவதை நிறுத்தவில்லை. 1832 ஆகஸ்ட் கடைசியில் கைதுசெய்து செந்த்-பெலாஜி சிறைக்கு அனுப்பினார்கள். 24 வயது.

அவர் முகங்களைப் பிடித்த முறையும் சொல்ல வேண்டியது. நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்த்துவிட்டு வந்து, களிமண்ணில் சின்னச் சின்னத் தலைகள் செய்து வண்ணம் பூசி வைத்துக்கொள்வார். சூளையில் சுடாத பச்சை மண். அவற்றை வைத்துத்தான் கல்லில் வரைந்தார். 36 தலைகள் இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1834 ஜனவரியில் வந்த 'சட்டமன்ற வயிறு' படத்தில் இந்தத் தலைகள் வரிசை வரிசையாக அரைவட்ட இருக்கைகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஒருவர் தூங்குகிறார், ஒருவர் மூக்கைச் சிந்துகிறார், பலருக்குத் தொப்பை. யாரும் கொடூரமாக எதையும் செய்யவில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு படுக்கையறை

1834 ஏப்ரலில் லியோன் பட்டு நெசவாளர்கள் மறுபடியும் எழுந்தார்கள். சங்கம் சேர்வதற்கு எதிராக வந்த சட்டம் உடனடிக் காரணம். பாரிசிலும் சில தெருக்களில் தடுப்பரண்கள் எழும்பின. த்ரான்ஸ்நொனேன் தெருவில் 12-ஆம் எண் வீட்டிலிருந்து ஓர் அதிகாரி மேல் குண்டு வந்ததாகச் சொல்லி, படைவீரர்கள் உள்ளே புகுந்து அறை அறையாகப் போய்ச் சுட்டும் குத்தியும் போட்டார்கள். அந்த வீட்டில் 12 பேர் செத்தார்கள். சண்டையில் இல்லாதவர்கள், வீட்டில் இருந்தவர்கள்.

தோமியேயின் படத்துக்குத் தலைப்பு தெருவின் பெயரும் தேதியும் மட்டும்: 'த்ரான்ஸ்நொனேன் தெரு, 15 ஏப்ரல் 1834'. ஓர் அறை. படுக்கை கலைந்து, விரிப்பு தரைக்கு இழுபட்டிருக்கிறது. அதில் சாய்ந்தபடி இரவு உடையும் தூக்கக் குல்லாவுமாக ஒரு மனிதர் சரிந்து கிடக்கிறார். உடை தொடைக்கு மேல் ஏறியிருக்கிறது. அவர் உடம்புக்கு அடியில் ஒரு குழந்தை, தலையில் ரத்தம். விழும்போது குழந்தையின் மேல் விழுந்தாரா, காப்பாற்றப் போய் விழுந்தாரா, தெரியாது. இடது பக்க இருட்டில் ஒரு பெண்ணின் உடல். வலது ஓரத்தில் ஒரு கிழவரின் தலை மட்டும், மீதி உடம்பு படத்தின் விளிம்புக்கு வெளியே. கவிழ்ந்த நாற்காலி. வெளிச்சம் அந்த வெள்ளை உடையின் மேல்தான் விழுகிறது.

படைவீரர் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. துப்பாக்கி இல்லை. யாரையும் கோரமாக வரையவில்லை, எந்த மூக்கையும் நீட்டவில்லை. கேலி என்பதே இல்லை. கவிஞர் போதிலேர் பிறகு எழுதும்போது, இதைக் கேலிச்சித்திரம் என்று சொல்ல முடியாது, இது வரலாறு என்றார். எனக்கு இதில் பெரிதாகப் படுவது தோமியே பார்க்கும் இடம். எல்லாம் முடிந்து, கொன்றவர்கள் போன பிறகு வாசலில் வந்து நிற்கிறவரின் பார்வை அது. அந்த இடத்தில் பார்வையாளரை நிறுத்திவிட்டு அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இந்தப் படம் வெளியான விதமும் அழகானது. அபராதம் கட்டிக் கட்டிக் கை காய்ந்துபோன பிலிப்போன், 1832-இல் ஒரு மாதச் சந்தாத் திட்டம் தொடங்கியிருந்தார். மாதம் ஒரு பெரிய படம், அந்தப் பணம் வழக்குச் செலவுக்கு. அந்த வரிசையின் 24-ஆவது, கடைசிப் படம் இது. ஒபேர் கடை ஜன்னலில் கூட்டம் கூடியது. அரசாங்கம் கல்லைப் பறிமுதல் செய்தது, கிடைத்த பிரதிகளை அழித்தது. அதனால்தான் இன்று மிஞ்சியிருக்கும் தாள்களுக்கு அருங்காட்சியகங்களில் அவ்வளவு மதிப்பு.

தடைக்குப் பிறகு

1835 ஜூலை 28 அன்று, புரட்சியின் ஆண்டுவிழா அணிவகுப்பில், ஃபியெஸ்கி என்பவர் 25 துப்பாக்கிக் குழாய்களை ஒன்றாகக் கட்டி அரசர் மேல் சுட்டார். அரசருக்குச் சிராய்ப்பு, 18 பேர் இறந்தார்கள். பேரிக்காய் வரைந்தவர்களுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் அரசாங்கத்துக்குச் சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியிலேயே 'லா கரிகாத்யூர்' மூடப்பட்டது. செப்டம்பரில் சட்டம் வந்தது. அப்போது பெர்சீல் சொன்ன வாதம்தான் தொடக்கத்தில் பார்த்தது.

'ல ஷரிவரி' தொடர்ந்தது. தினமும் ஒரு படம் வேண்டும். அரசர் கூடாது, அமைச்சர்கள் கூடாது. பிலிப்போனும் தோமியேயும் கண்டுபிடித்த ஆள் ரொபேர் மக்கேர்.

மக்கேர் முதலில் ஒரு நாடகத்தில் வந்த திருடன். ஃப்ரெதெரிக் லெமேத்ர் என்ற நடிகர் அந்தப் பாத்திரத்தைச் சிரிப்புக்குரிய அயோக்கியனாக மாற்றிப் புகழ்பெறவைத்தார். 1836 ஆகஸ்டிலிருந்து 1838 வரை தோமியே அவனை வைத்து 100 படம் போட்டார், பிறகு இன்னும் 20. வாசகங்கள் பிலிப்போனுடையவை. மக்கேர் ஒரு படத்தில் வங்கி முதலாளி, இன்னொன்றில் வக்கீல், அடுத்ததில் டாக்டர், பத்திரிகை நிறுவனர், கல்யாணத் தரகர், தர்மகர்த்தா. எந்தத் தொழிலுக்குப் போனாலும் அதே ஆள், அதே வேலை. கூடவே ஒல்லியாக, பாவமாக, பேர்த்ரான் என்ற கூட்டாளி.

முதல் படத்திலேயே மக்கேர் சொல்கிறான்: பேர்த்ரான், எனக்குத் தொழில்முனைவு என்றால் உயிர். ஒரு வங்கி தொடங்குவோம், கோடி கோடியாக மூலதனம், கோடி கோடியாகப் பங்கு. அப்போ போலீஸ் என்று கேட்கிறான் பேர்த்ரான். முட்டாளே, கோடீஸ்வரனை யாராவது கைதுசெய்வார்களா என்று பதில் வருகிறது.

இது வெறும் ஜோக் அல்ல. 1830-களில் பிரான்சில் பங்குக் கம்பெனிகள் மழைக்காலக் காளான்களாக முளைத்தன. அரசின் அனுமதி இல்லாமலே தொடங்கக்கூடிய ஒரு கம்பெனி வடிவம் சட்டத்தில் இருந்தது. சுரங்கம், நிலக்கீல், செய்தித்தாள் என்று எதற்கும் பங்கு விற்றார்கள், பல கம்பெனிகள் காகிதத்தில் மட்டும் இருந்தன. மக்கேர் அந்த மோசடிகளின் உருவம். ஆனால் அவன் இன்னார் என்று யாரையும் சுட்ட முடியாது. தணிக்கை அதிகாரி எதைப் பிடிப்பார்?

முன்பு ஓர் ஆளின் முகத்தை வைத்து ஆட்சியைச் சாடினார்கள். இப்போது ஒரு பழக்கத்துக்கு முகம் கொடுத்தார்கள். முகம் உள்ள ஆள் ஒரு நாள் போய்விடுவார். லூயி பிலிப்பும் போனார். பழக்கத்துக்கு அப்படி முடிவு இல்லை. பணத்தைச் சட்டம் தொடாது என்ற மக்கேரின் நம்பிக்கையை இன்றைக்கு எந்த நாட்டு வாசகரும் விளக்கம் இல்லாமல் புரிந்துகொள்வார். 'கார்கான்துவா'வுக்கோ அடிக்குறிப்பு வேண்டியிருக்கிறது.

வக்கீல்கள், வீட்டுக்காரர்கள், கறுப்பு அங்கிகள்

1845-இல் தொடங்கி 1848 வரை வந்த 'நீதித்துறை மனிதர்கள்' வரிசையில் தோமியேயின் கை உச்சத்தில் இருக்கிறது. அமீனாவின் எடுபிடியாகப் பார்த்த உலகம். கறுப்பு அங்கிகள் காற்றில் விரிந்து மடங்குவதை வரைய லித்தோக் குச்சியின் கறுப்பைவிடப் பொருத்தமானது கிடையாது. ஒரு படத்தில் கந்தல் உடுத்திய கைதி முன்னால் நிற்க, நீதிபதி சொல்கிறார்: பசித்ததா? அது ஒரு காரணமா? எனக்கும்தான் ஏறக்குறைய தினமும் பசிக்கிறது, அதற்காக நான் திருடுகிறேனா? இன்னொன்றில் வக்கீல் தோற்றுப்போன கட்சிக்காரரிடம் சொல்கிறார்: வழக்கு தோற்றது உண்மைதான், ஆனால் நான் வாதாடியதைக் கேட்டு ரசித்திருப்பீர்களே.

முதல் வாசகத்தைப் பாருங்கள். நீதிபதி பொய் சொல்லவில்லை. மதியம் அவருக்கும் பசிக்கத்தான் செய்யும். இரண்டு பசிக்கும் ஒரே பெயர் இருப்பதால் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒரு வர்க்கத்தின் குருட்டுத்தனத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் பார்த்ததில்லை.

வாடகைக்காரர்களும் வீட்டு உரிமையாளர்களும், ரயிலின் மூன்றாம் வகுப்பு, குளிக்கும் படித்துறை, நாடகக் கொட்டகை, ஓவியக் கண்காட்சிக் கூட்டம் என்று தோமியே ஏறத்தாழ 4,000 கல்லச்சுப் படங்கள் போட்டிருக்கிறார். பெரும்பாலானவற்றுக்கு வாசகம் எழுதியது அவர் இல்லை, பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். வாசகத்தைக் கையால் மறைத்துவிட்டுப் பார்த்தாலும் படம் நிற்கிறதே, அதில் அவர் யார் என்று தெரிகிறது. அச்சானதும் கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்குத் தயார்செய்துவிடுவார்கள். அதனால் இந்த ஆயிரக்கணக்கான படங்களுக்கு மூலம் என்று எதுவும் இல்லை, தாள்தான் மிச்சம். அதிலும் நாளிதழ்த் தாளில் பின்பக்கச் செய்தி எழுத்து படத்துக்குள் நிழலாகத் தெரியும்.

அவர் பார்க்க மறுத்தவை

இவ்வளவு பிடித்த ஓவியரைப் பற்றி இதையும் சொல்லாமல் விடக் கூடாது. 1844-இல் அவர் போட்ட 40 படங்கள் எழுத்தாளப் பெண்களைப் பற்றியவை. ஒரு படத்தில் அம்மா மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கிறாள், குழந்தை குளியல் தொட்டியில் தலைகீழாக விழுந்து கிடக்கிறது. ஜார்ஜ் சாந்த் என்ற ஆண் புனைபெயரில் ஒரு பெண் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்த, ஃப்ளோரா த்ரிஸ்தான் தொழிலாளர் ஒற்றுமைக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. 1848-49-இல் விவாகரத்து கேட்ட பெண்கள், சோஷலிசப் பெண்கள் என்று மேலும் இரண்டு வரிசை. பிரான்சில் விவாகரத்து 1816-இல் ஒழிக்கப்பட்டு 1884 வரை திரும்பவில்லை. புருஷன் கொடுமையிலிருந்து வெளியேற வழி கேட்டவர்களைத்தான் அவர் பிசாசுக் கூட்டமாக வரைந்தார்.

நீதிபதியின் கண்மூடித்தனத்தை அவ்வளவு துல்லியமாகக் கண்ட கை, வீட்டுக்குள் இருந்த அநீதியைக் காணவில்லை. காலம் அப்படி என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்திலேயே அதைக் கண்டவர்கள் இருந்தார்கள். இன்னொரு காரணமும் உண்டென்று நினைக்கிறேன். 60 பிராங்க் சந்தா கட்டி 'ல ஷரிவரி' வாங்கியவர்கள் வக்கீல்களும் கடை முதலாளிகளும் அவர்கள் குடும்பங்களும்தான். தங்கள் தொழிலைக் கேலிசெய்தால் அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். வக்கீல் படங்களை வக்கீல்களே அறையில் மாட்டிக்கொள்ளலாம், அடுத்த வக்கீலைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டு. பெண்டாட்டி எழுந்து வெளியே போனால் என்ன ஆகும் என்ற பயத்தை மட்டும் அவர்கள் சிரிப்புக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அந்தப் பயத்துக்குத் தோமியே வேலை செய்து கொடுத்தார்.

தணிக்கை கலையை வளர்த்தது என்ற பேச்சை நான் ஏற்காததற்குக் காரணமும் இதை ஒட்டியதுதான். 1835-க்கு முன் இந்த ஓவியர்கள் நெசவாளருக்காகவும் சுடப்பட்ட குடும்பத்துக்காகவும் வரைந்தார்கள். 1834 மார்ச்சில் வந்த ஒரு படத்தில் அச்சுத் தொழிலாளி முஷ்டியை இறுக்கிக்கொண்டு, கால்களை அகட்டி, பத்திரிகைச் சுதந்திரம் தன் மண் என்பதுபோல நிற்கிறான். ஒரு பக்கம் பத்தாம் சார்லஸ் விழுந்து கிடக்கிறார், இன்னொரு பக்கம் லூயி பிலிப் குடையை ஓங்கிக்கொண்டிருக்கிறார். தடைக்குப் பிறகு அந்தத் தொழிலாளி தோமியேயின் கல்லில் அரிதாகிவிட்டான். மக்கேர் கிடைத்தான் என்பது சரி. எத்தனை த்ரான்ஸ்நொனேன் தெருக்கள் வரையப்படாமல் போயின என்பதை யார் கணக்குப் போடுவது?

1848-இல் மறுபடியும் புரட்சி வந்து தடை தளர்ந்ததும், மார்ச் மாதமே தோமியே ஒரு தெருப்பையன் அரசரின் சிம்மாசனத்தில் ஏறிக் குதிக்கும் படம் போட்டார். பதின்மூன்று வருஷம் பூட்டிவைத்தது ஒரே வாரத்தில் வெளியே வருகிறது. 1850-51-இல், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த லூயி நெப்போலியனின் கையாளாக, தடியும் நசுங்கிய தொப்பியுமாக 'ரத்தாப்புவால்' என்ற கற்பனை ஆள் வந்தான். 1852-இல் லூயி நெப்போலியனே பேரரசர், மறுபடியும் படங்களுக்கு முன் அனுமதி. 1860-இல் 'ல ஷரிவரி' தோமியேயை வேலையிலிருந்தே நிறுத்தியது, மூன்று வருஷம் கழித்துத் திரும்ப எடுத்தது.

பேரரசு 1870-இல் பிரஷ்யாவிடம் தோற்று விழுந்தபோது அவருக்கு 62 வயது. 'பேரரசு என்றால் அமைதி' என்பது லூயி நெப்போலியன் முன்பு சொன்ன வாக்கு. அதையே தலைப்பாக வைத்து, இடிந்து புகையும் வீடுகளையும் பிணங்களையும் வரைந்தார். 1871 ஜனவரியில் வந்த படத்தில், முகத்தை மூடிய பெண்ணாக அந்தப் புத்தாண்டு, பிணங்கள் பரவிய வெளியைப் பார்த்து நிற்கிறாள். தன் பங்குக்கு வந்த சொத்தைப் பார்த்துத் திகைக்கிறாள் என்பது வாசகம். கோடுகள் மிகக் குறைந்துவிட்டன. இளமையில் ஒவ்வொரு தொப்பையையும் உருட்டி உருட்டி வரைந்தவர், இங்கே ஒரு கறுப்பு உருவத்தையும் தரையையும் மட்டும் வைத்துக்கொண்டார். கண்பார்வை மங்கி வந்தது. 1872-க்குப் பிறகு அவர் கல்லச்சுக்கு வரையவில்லை. 1879 பிப்ரவரியில் வல்மொந்துவா கிராமத்தில் இறந்தார்.

1881 ஜூலை 29-ஆம் தேதிச் சட்டம் பத்திரிகைகளை விடுவித்தபோது படங்களுக்கான முன் தணிக்கையும் ஒழிந்தது. அதற்குள் பத்திரிகைகள் படத்தைத் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி எழுத்தோடு சேர்த்தே அச்சிடக் கற்றுக்கொண்டிருந்தன. தனி எந்திரம், இரண்டு முறை அச்சு என்ற தொல்லை இல்லை. தோமியேயின் கடைசிப் படங்கள் பலவும் அப்படி மாற்றி அச்சானவைதான்.

'ல ஷரிவரி'யின் பழைய இதழ்கள் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் கல்லிக்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரெஞ்சு தெரியாதவர்களும் பார்க்கலாம். புகழ்பெற்ற ஒரு படத்தைத் தனியாக எடுத்துப் பார்ப்பதைவிட, ஏதாவது ஒரு மாதத்தை எடுத்து நாள் நாளாகப் புரட்டிப் பாருங்கள். சுமாரான படங்களும் வரும், அவசரத்தில் வரைந்தவையும் வரும். அதற்கு நடுவில் திடீரென்று தோமியேயின் கை வரும்போது கையெழுத்தைத் தேடாமலே அடையாளம் தெரிந்துவிடும்.